மாஸ்க்குக்குள் இருந்து வந்த எண்

வணக்கம். பெருந்தொற்று வந்தால் இதய அறுவை சிகிச்சைக் குழு என்ன செய்ய வேண்டும் என்று பேசச் சொன்னார்கள். கவச உடையைப் போடுவதும் கழற்றுவதும் உங்களுக்கு அத்துப்படி. அதை விட்டுவிடுகிறேன்.

யாரை ஒத்திவைப்பது என்பதுதான் முதல் தலைவலி. பைபாஸ் முடிந்த நோயாளிக்கு அன்றிரவே வென்டிலேட்டரும் ஐ.சி.யு. படுக்கையும் வேண்டும். கொரோனா நோயாளிக்கும் அதே படுக்கைதான். 2020இல் லண்டன் இதற்கு ஒரு வழி கண்டது. நகரத்தின் அவசர இதய அறுவை சிகிச்சைகளை பார்ட்ஸ், ஹேர்ஃபீல்டு என்ற இரண்டே மருத்துவமனைகளில் குவித்துவிட்டு, மற்ற மையங்களைத் தொற்றாளர்களுக்குத் திருப்பினார்கள். எனக்குப் பிடித்த ஏற்பாடு அது.

ஏன் இத்தனை பயம்? அந்த மே மாதம் லான்செட்டில் ஓர் ஆய்வு வந்தது. 24 நாடுகள், அறுவை சிகிச்சையை ஒட்டித் தொற்று இருந்த 1,128 பேர். இதயம் மட்டுமல்ல, எல்லா வகை அறுவையும் சேர்த்துத்தான். 30 நாளுக்குள் இறந்தவர்கள் 23.8 சதவீதம். 2021இல் வந்த பெரிய ஆய்வோ, முடிந்தால் தொற்றுக்குப் பிறகு ஏழு வாரம் பொறுங்கள் என்றது.

மகாதமனி கிழிந்து வருகிறவரிடம் ஏழு வாரம் பற்றிப் பேச முடியுமா? அவருக்கு மணிக்கணக்கு. ஸ்வாப் முடிவு வரும்வரை காத்திருக்காமல், தொற்று இருப்பதாகவே வைத்துக்கொண்டு இறங்க வேண்டியதுதான். மூச்சுக்குழாய்க்குள் குழாய் போடும்போது அறையில் தேவையான ஆட்கள் மட்டும். உணவுக்குழாய் வழி எக்கோ (இதய ஸ்கேன்) எடுப்பவருக்கும் என்-95 கட்டாயம். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இனி நான் சொல்ல வந்தது. நம் ஆபரேஷன் தியேட்டர் வாய்வார்த்தையில் ஓடுகிறது. ஹெப்பரின் கொடுத்தாச்சா, ஏசிடி எவ்வளவு, பம்ப் ஆன். ஹெப்பரின் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து; ஏசிடி, ரத்தம் உறைய எத்தனை வினாடி ஆகிறது என்ற அளவு; பம்ப், அறுவையின்போது இதயம், நுரையீரல் வேலையைப் பார்க்கும் இயந்திரம். ஏசிடி 480 வினாடி தாண்டாமல் பம்ப் ஓட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றும் ஆக்சிஜனேட்டரிலேயே ரத்தம் உறையலாம். ஒருநாள் மயக்க மருத்துவர் “த்ரீ எய்ட்டி” என்றார். என்-95, அதன்மேல் இன்னொரு மாஸ்க், அதன்மேல் முகத்திரை. எனக்குக் காதில் விழுந்தது “எய்ட்டி” மட்டும்தான். முன்னால் உள்ளதை நானே “ஃபோர்” என்று நிரப்பிக்கொண்டேன். “போகலாம்” என்றும் சொல்லிவிட்டேன். பம்ப் ஓட்டும் தம்பி அசையவில்லை. குழாயை அடைத்திருந்த கிளாம்பை விடாமல், “சார், எத்தனைன்னு இன்னொரு தடவை?” என்றான்.

மறுவாரம் ஒரு வெள்ளைப் பலகை வாங்கிச் சுவரில் மாட்டினோம். மயக்க மருத்துவர் அதில் எண்ணை எழுதுவார். பம்ப் பக்கத்திலிருந்து அதை உரக்கப் படிப்பார்கள், ஒவ்வோர் இலக்கமாக: மூணு, எட்டு, சைபர்.