ஒரே லயத்து மரபணுக்கள்

வணக்கம் நேயர்களே. நான் பிறந்தது மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில். அந்த லயம் இப்போது இல்லை. ஆனாலும் மரபணுவைப் பற்றிப் பேச அதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரே கூரை, வரிசையாகப் பத்து வீடு. நம் செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம் என்ற இழையும் அப்படித்தான், மரபணுக்கள் அதில் வரிசையாகக் குடியிருக்கின்றன. மனிதருக்கு 23 ஜோடி, எண்ணெய் தரும் செம்பனைக்கு 16 ஜோடி. ஒரே லயத்துக்காரர்கள் பெரும்பாலும் சேர்ந்தேதான் பிள்ளைக்குப் போவார்கள்.

பண்புகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் பிரியும் என்று மெண்டல் சொன்னதையே நானும் வகுப்பில் வருஷக்கணக்காக நடத்தினேன். அது பாதிக் கதை. 1905-இல் இங்கிலாந்தில் பேட்சன், சாண்டர்ஸ், பன்னெட் மூவரும் இனிப்புப் பட்டாணிப் பூச்செடியில் பார்த்தபோது ஊதாப் பூவும் நீள மகரந்தமும் கணக்கை மீறிச் சேர்ந்தே வந்தன. காரணம் அவர்களுக்குப் பிடிபடவில்லை. பிறகு நியூயார்க்கில் மோர்கன் பழ ஈக்களை வளர்த்துக் கண்டுபிடித்தார்: சேர்ந்தே வரும் பண்புகளின் மரபணுக்கள் ஒரே குரோமோசோமில் இருக்கின்றன.

அப்படியானால் பிரியவே பிரியாதா? பிரியும். கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது ஜோடிக் குரோமோசோம்கள் ஒட்டி நின்று துண்டுகளை மாற்றிக்கொள்ளும். எதிரெதிர் லயங்கள் இரண்டையும் ஒரே இடத்தில் அறுத்து, பாதியை மாற்றி ஒட்டினால் எப்படி? முதல் வீடும் பத்தாம் வீடும் பிரிய, அறுப்பு நடுவில் எங்கே விழுந்தாலும் போதும். எங்கள் வீடும் பக்கத்து வீடும் பிரிய வேண்டுமானால், அந்த ஒற்றைப் பலகைச் சுவரிலேயே விழ வேண்டும். அவர்கள் மிளகாய் வறுத்தால் நாங்கள் தும்முவோம், அவ்வளவு நெருக்கம்!

எத்தனை தடவை பிரிகிறது என்று எண்ணினால் தூரம் தெரிந்துவிடும் அல்லவா? மோர்கனின் மாணவர் ஸ்டர்டவன்ட்டுக்கு இது 1911-இல் உதித்தது. 19 வயதுப் பையன், வீட்டுப்பாடத்தை ஒதுக்கிவிட்டு ஒரே ராத்திரியில் உலகின் முதல் மரபணு வரைபடத்தைப் போட்டுவிட்டார். நூற்றில் ஒன்று பிரிந்தால் அந்த இடைவெளிக்கு இன்று ஒரு சென்டிமோர்கன் என்று பெயர்.

சரி, நம் ஊருக்கு வருவோம். செம்பனையில் மூன்று வகை உண்டு. பழத்தை வெட்டினால் தூராவில் கொட்டையைச் சுற்றித் தடித்த ஓடு, பிசிபெராவில் ஓடே இல்லை, இரண்டையும் கலந்த தெனெராவில் மெல்லிய ஓடு, நிறைய எண்ணெய். இதற்குக் காரணமான மரபணுவை, குரோமோசோமில் அதன் அக்கம்பக்கத்தில் இருக்கும் அடையாளங்களை வைத்தே நெருங்கிப் பிடித்தார்கள். மலேசிய செம்பனை வாரியத்தின் ஆய்வாளர்கள் அதை 2013-இல் வெளியிட்டார்கள். முன்பெல்லாம் நட்டு, மூன்று வருஷம் போலக் காத்திருந்து, குலை தள்ளியபின் என் அண்ணன் கத்தியால் பழத்தைப் பிளந்துதான் ஓடு எப்படி என்று பார்ப்பார். இப்போது நாற்றின் இலையில் ஒரு துண்டு கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினால் போதும்.