மேலாளர் என்ன கிளி சோசியரா?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். மணி அடிப்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நிறுவன மாற்றத்தை நிறைவேற்றுவது தெளிவான ஆணையா, ஊழியர் சொல்லாத மனத்தை அறிவதா என்பது தலைப்பு. மனத்தை அறிவதே என்பது எங்கள் அணி. எனக்கு முன்பு பேசிய எதிரணி நண்பர், "வாய் திறந்து சொல்லாததைப் புரிந்துகொள்ள மேலாளர் என்ன கிளி சோசியரா?" என்று கேட்டுக் கைத்தட்டலை அள்ளிக்கொண்டு போனார். அடுத்த வாக்கியத்தை அவர் தொடங்கியபோது, அவருடைய அணித் தலைவர் லேசாகத் தொண்டையைக் கனைத்தார். நண்பர் பாதி வாக்கியத்தை அப்படியே விழுங்கிவிட்டு வேறு செய்திக்குத் தாவினார். ஐயா, அந்தக் கனைப்பு எந்தச் சுற்றறிக்கையில் வந்தது? உங்களுக்கு எந்தக் கிளி சீட்டு எடுத்துக் கொடுத்தது?

கனைப்புக்கே இந்த வலிமை என்றால் குத்துக்கு எவ்வளவு இருக்கும்? சிகாகோவை அடுத்த சிசரோ நகரில், தொலைபேசிக் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில், 1931 நவம்பரில் 14 தொழிலாளர்களை ஆய்வுக்காகத் தனி அறையில் அமர்த்தி, மூலையில் ஒரு பார்வையாளரையும் உட்கார வைத்தார்கள். அதிகம் செய்தால் குழு முழுவதற்கும் கூலி உயரும் என்பது ஆணை. அதில் ஓர் எழுத்துகூடத் தெளிவில்லாமல் இல்லை. நிர்வாகம் குறித்த நாள் இலக்கு ஆளுக்கு 7,312 கம்பி இணைப்புகள். அவர்களோ 6,000, மிஞ்சினால் 6,600 என்று தமக்குள் கணக்கு வைத்துக்கொண்டு, அது முடிந்ததும் மாலையில் கையைத் தளர்த்திவிட்டார்கள். யாராவது வேகமெடுத்தால் பக்கத்தில் இருப்பவர் அவருடைய மேற்கையில் ஓங்கி ஒரு குத்து விடுவார். வாங்கியவர் திருப்பி ஒன்று குத்தலாம். ஆனால் வேகம் குறைந்தாக வேண்டும். அளவை மீறியவனுக்கு 'ரேட் பஸ்டர்' (கூலி விகிதத்தைக் கெடுப்பவன்) என்றும், மேலிடத்தில் போய்ச் சொன்னவனுக்குக் 'கோள் சொல்லி' என்றும் பெயர். கெடுபிடி காட்டிய ஒரு தரப் பரிசோதகரை அந்த அறையிலேயே இருக்க முடியாமல் செய்துவிட்டார்கள். கம்பி சுற்றுபவரும் பற்றவைப்பவரும் வேலையை மாற்றிக்கொள்ளக் கூடாது என்பது விதி, மாற்றிக்கொண்டார்கள். குழுத் தலைவர் பார்த்தும் பாராதவராக நின்றார். (நம் அலுவலகங்களில் அப்படிப்பட்டவர்களை 'அனுசரித்துப் போகிறவர்' என்போம்.)

நண்பர் இதைச் சோம்பல் என்பார். ஆய்வு நடத்தியவர்கள் அதையும் சோதித்துப் பார்த்தார்கள். அறையில் மிகக் குறைவாகச் செய்தவர் அறிவுத் தேர்வில் முதலிடம், கைத்திறனில் மூன்றாமிடம். மிக அதிகம் செய்தவரோ அறிவுத் தேர்வில் கடைசி. உற்பத்தியைத் தீர்மானித்தது திறமையும் அல்ல, ஆணையும் அல்ல. யார் யாரோடு சேர்ந்தவர் என்பதுதான். இந்த அறையைப் படிக்காமல் புது மென்பொருளையும் புது இலக்கையும் இறக்குகிற தலைவருக்குக் கூட்டத்தில் "சரி சார்" என்ற பதில் வரும். டீக்கடையில் வேறொரு பதில் உருவாகும். நண்பரே, சோசியம் வேண்டியதில்லை. அந்தப் பார்வையாளரிடம் சொல்லப்பட்டதெல்லாம், உத்தரவு போடாதே, ஒட்டுக் கேட்பவனைப் போல நடக்காதே என்பவைதான். முதலில் அவரைச் சந்தேகித்தவர்கள் சில வாரங்களில் அவர் முன்பே குத்திக்கொண்டார்கள்.

ஏன் குத்தினார்கள் என்பதையும் அவர்களே பேட்டியில் சொன்னார்கள். வேகமாகச் செய்தால் இலக்கு உயரும், கூலி விகிதம் குறையும், மெதுவான கைக்காரர் திட்டு வாங்குவார், யாருக்காவது வேலை போகும். பொருளாதாரப் பெருமந்தக் காலம் அது. தெரு முழுவதும் வேலையற்றவர்கள். 1932 மே மாதம் அந்த அறையே மூடப்பட்டது. வேலை இல்லை என்பதுதான் காரணம்.

நடுவர் அவர்களே, அந்தக் குத்தை நான் இனி ஒழுங்கீனம் என்று சொல்ல மாட்டேன். பக்கத்து இருக்கைக்காரன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதற்காகத் தன் கூலியையும் விட்டுக்கொடுத்தவனின் கை அது. அவனுக்குச் சங்கத்தில் பேசத் தெரியாது, மேலாளர் அறைக்குள் நுழையும் துணிவும் கிடையாது. அவன் சார்பில் கேட்கிறேன்: தீர்ப்பை எங்கள் அணிக்குத் தாருங்கள். மணி அடித்துவிட்டது, என் அணித் தலைவரும் கனைக்கிறார். நன்றி, வணக்கம்.