வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் கடலூர்ப் பக்கத்துக்காரன். கெடிலக் கரையோரம் ஒரு கிராமத்தில் பிறந்தேன். முப்பத்திரண்டு வருஷம் புதுச்சேரியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றேன். இனவெறியைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டபோது அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா என்று குறிப்பெடுக்க உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அதை மூடி வைத்துவிட்டேன். நேரு வீதியிலிருந்து கடற்கரைக்கு நடந்து போகிற வழியிலேயே அவ்வளவு விஷயம் கிடக்கிறது.

அந்த வழியில் பெரிய வாய்க்காலைத் தாண்டுவோம். அதற்குக் கிழக்கே, கடலை ஒட்டி, பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்தார்கள். மேற்கே தமிழர்கள். அவர்கள் மொழியில் கிழக்கே இருந்தது 'வீல் பிளான்ஷ்', வெள்ளை நகரம். மேற்கே இருந்தது 'வீல் நுவார்', கறுப்பு நகரம். தோலின் நிறத்தை வைத்து ஊரையே இரண்டாகப் பிரித்துப் பெயரும் வைத்தார்கள். 1954 நவம்பர் 1-ஆம் தேதி பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. 'கறுப்பு நகரம்' என்ற பெயர் மெல்ல மறைந்தது. 'ஒயிட் டவுன்' மட்டும் இன்னும் இருக்கிறது. விடுதிப் பலகையில் இருக்கிறது, ஆட்டோக்காரர் வாயில் இருக்கிறது. அங்கே ஒரு காப்பி குடித்தோம் என்று நம் பிள்ளைகளே பெருமையாகச் சொல்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு சுருங்கும். ஒரு காலத்தில் அதன் அர்த்தம், அது உன் இடமில்லை என்பதுதானே.

இப்போது ஒரு ஷூவின் கதை. 1873-ஆம் வருஷம். புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் வருகிறார். காலில் ஐரோப்பியர் போடுகிற ஷூ. நீதிபதிக்குப் பொறுக்கவில்லை, தடுத்துவிட்டார். சட்டம் படித்தவர், பிரெஞ்சு பேசுகிறவர், பிரெஞ்சு நீதிமன்றத்திலேயே வாதாடுகிறவர். ஆனாலும் தமிழன் கால் அந்த ஷூவுக்குள் போகக்கூடாது. பொன்னுத்தம்பி விடவில்லை. வழக்கைப் பாரீஸ் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய் ஜெயித்தார். அப்புறம் 'லபோர்த்' என்று பெயர் வைத்துக்கொண்டார். பிரெஞ்சில் அதற்கு வாசல் என்று அர்த்தம். 1881-ல் ஒரு அரசாணை வந்தது. தன் சாதி, சமய வழக்கச் சட்டத்தைக் கைவிட்டு, பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்று, குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டால், பிரெஞ்சுக்காரருக்குச் சமமாக நடத்தப்படலாம் என்றது. அதற்காக முன்னின்றவர்களில் லபோர்த் முக்கியமானவர். இன்றும் புதுச்சேரியில் சொல்தா வீடுகளில், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள் வீடுகளில், நீங்கள் கேட்கிற பிரெஞ்சுக் குடும்பப் பெயர்கள் பலவற்றுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

ஆடைக்கும் இனத்துக்கும் நம் ஊரில் நெருங்கிய தொடர்பு உண்டு. கலப்பினத்தாரை நம்மவர்கள் என்னவென்று சொன்னார்கள்? சட்டைக்காரர். நிறத்தைச் சொல்லவில்லை, பரம்பரையைச் சொல்லவில்லை, சட்டையைச் சொன்னார்கள். உடம்பில் என்ன இருக்கிறது, காலில் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் ஒருவன் எந்தப் பக்கத்து ஆள் என்று முடிவு செய்தார்கள். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸ் காலத்தில் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடைத்தரகராகவும், இருந்த ஆனந்தரங்கப் பிள்ளைக்குப் பல்லக்கில் ஆளுநர் மாளிகைக்குப் போகவும், பாதரட்சையோடு உள்ளே நுழையவும் தனி உரிமை இருந்தது என்பார்கள். செருப்போடு உள்ளே போவது ஒரு பரிசு. அப்படியானால் மற்றவர்கள் எப்படிப் போனார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, இவ்வளவும் வெள்ளைக்காரன் நமக்குச் செய்தது. இதோடு நிறுத்தினால் கேட்பதற்கு இதமாக இருக்கும். ஆனால் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், நம் பக்கம், என்ன இருந்தது? வெள்ளாழர் வீதி, வைசியாள் வீதி. தெருப் பெயரே சொல்கிறது. இந்த வீதிகளுக்கெல்லாம் வெளியே, எந்த வீதியிலும் சேராமல், சேரி.

1745-ல் சம்பா கோவில் என்ற மாதா கோவிலில் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். கோவிலுக்குள்ளே ஒரு குட்டைச் சுவர். ஒரு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்கள், மறு பக்கம் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள். நாங்களும் உங்கள் பிள்ளைகள்தானே, எங்களுக்கு மட்டும் ஏன் இந்தச் சுவர் என்று அவர்கள் பாதிரியாரிடம் முறையிட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. அதற்குக் கொதித்தது யார்? பிரெஞ்சுக்காரர்கள் அல்ல. வாய்க்காலுக்கு இந்தப் பக்கத்துப் பெரிய மனிதர்கள். வாய்க்காலைத் தாண்டினால் அவர்களே கறுப்பர்கள். கோவிலுக்குள் மட்டும் தங்களுக்குக் கீழே ஒருவன் வேண்டியிருந்தது.

1884-ல் வாக்காளர் பட்டியலை மூன்றாகப் பிரித்தார்கள். ஐரோப்பியருக்கு ஒன்று. வழக்கச் சட்டத்தைக் கைவிட்ட இந்தியருக்கு ஒன்று. கைவிடாத இந்தியருக்கு ஒன்று. கைவிட்டவர்களில் தாழ்த்தப்பட்ட மக்களும் நிறையப் பேர் இருந்தார்கள், அதையாவது பிடித்துக்கொண்டு மேலே வரலாம் என்ற நம்பிக்கையில். காகிதத்தில் பிரெஞ்சுக்காரருக்குச் சமம். பட்டியல் மட்டும் வேறு.

வகுப்பில் பொன்னுத்தம்பியின் கதையைச் சொல்லும்போது பிள்ளைகள் கைதட்டுவார்கள். எனக்கோ உள்ளுக்குள் வேறொரு செருப்பு ஞாபகம் வரும்.

எங்கள் கிராமத்தில் காலனிக்காரர், அதாவது சேரியைச் சேர்ந்தவர், ஒருவர் ராணுவத்தில் இருந்தார். இரண்டாம் உலகப் போரில் பர்மா பக்கம் போய் வந்தவர். 1960-களில், எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது, அவருக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. வெளுத்த சட்டை போடுவார். பட்டாளத்துப் பூட்ஸை எண்ணெய் தடவிப் பளபளவென்று வைத்திருப்பார். பேருந்தை விட்டு இறங்கி, எங்கள் தெரு முனைக்கு வந்ததும் குனிந்து பூட்ஸைக் கழற்றுவார். இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு எங்கள் தெருவைக் கடப்பார். அந்தப் பக்கம் போய்த்தான் திரும்பப் போடுவார். வெள்ளைக்கார அதிகாரிக்கு முன்னால் அதே பூட்ஸோடு விறைப்பாக நின்று சல்யூட் அடித்தவர்.

ஒரு நாள் மழை. தெரு முழுக்கச் சேறு. அவர் கழற்றாமல் வந்துவிட்டார். திண்ணையில் இருந்த என் தாத்தா எழுந்திருக்கக்கூட இல்லை. "டேய்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சேற்றில் நின்றபடி அவர் கயிற்றை அவிழ்த்தார். நனைந்த முடிச்சு சீக்கிரம் அவிழவில்லை. நான் தாத்தா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. நானும் அவரைப் பேர் சொல்லி, வாடா போடா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைச் 'சின்னய்யா' என்பார். என்னை அப்படிக் கூப்பிட வைத்தது எந்த ஆளுநரும் இல்லை.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மணமகள் தேவை விளம்பரத்தில் 'சிவந்த நிறம்' என்று கேட்கிறோம். பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனால் முதலில் நிறத்தைத்தான் சொல்கிறோம். என் பேத்தி பிறந்த அன்று ஆஸ்பத்திரியிலேயே ஒருவர், "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கு" என்றார். அந்த 'இருந்தாலும்' இன்னும் என் காதில் இருக்கிறது. வீல் பிளான்ஷ், வீல் நுவார் என்பதை அந்த ஒரு சொல்லுக்குள் வைத்து நாமே கொண்டுபோகிறோம்.

அந்தப் பட்டாளத்துக்காரர் 1980-களில் இறந்துபோனார். அதற்குள் நான் வாத்தியாராகி, சமத்துவம் பற்றி மேடைகளில் பேசத் தொடங்கியிருந்தேன். ஊருக்குப் போன சமயங்களில் அவரைப் பார்த்திருக்கிறேன். வாடா போடாவை விட்டுவிட்டேன், ஆனால் ஒருமுறைகூட 'அண்ணே' என்று வாய் வரவில்லை. தலையசைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

இந்த உரையில் அவர் பெயரை மரியாதையோடு சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். போன வாரம் அவர் மகனுக்குப் போன் செய்து கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னார்:

"வேணாம் சார். ஊர்ல எங்க புள்ளைங்க இருக்குதுங்க."