வீடா, விடுதியா?

நேயர்களுக்கு வணக்கம். மலையில் சீசன் தொடங்கப் போகிறது. மாடியில் காலியாகக் கிடக்கும் இரண்டு அறைகளுக்கு வெள்ளையடித்து, புதுக் கம்பளி வாங்கிப் போட்டு, படம் எடுத்து இணையத்தில் ஏற்றிவிட்டால் நாலு காசு பார்க்கலாம் என்ற பேச்சு இப்போது குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் எங்கும் வீட்டுக்கு வீடு நடக்கிறது. நல்ல யோசனைதான், நான் அதற்கு எதிரி இல்லை. மலை நகராட்சி ஒன்றில் பில் கலெக்டராகச் சேர்ந்து வருவாய் ஆய்வாளராக ஓய்வு பெற்றவன் என்பதால், நான் வாயைத் திறந்தாலே வரி போடத்தான் வந்திருக்கிறேன் என்று நினைப்பவர்கள் உண்டு. இப்போது என்னிடம் ரசீதுப் புத்தகம் இல்லை. பயப்படாமல் கேளுங்கள்.

ஹோம்ஸ்டே நடத்தப் போகிறேன், அதாவது குடியிருக்கும் வீட்டிலேயே சுற்றுலாப் பயணிகளுக்கு அறை விடப் போகிறேன் என்று யார் வந்து யோசனை கேட்டாலும் நான் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான். விருந்தினர் தங்கும் இரவில் நீங்கள் எங்கே படுப்பீர்கள்? அதே கூரையின் கீழ் என்றால் உட்காருங்கள், பேசலாம். கோயம்புத்தூரில் என்றால் நீங்கள் நடத்தப் போவது விடுதி. விடுதிக்கு உள்ள சட்டங்களைத் தேடிப் போங்கள். இது என் சொந்தப் பிடிவாதம் இல்லை. ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டத்தில் ஓர் அறை முதல் ஆறு அறை வரை, அதிகபட்சம் பன்னிரண்டு படுக்கைகள் என்றுதான் வரம்பு. கோல்டு, சில்வர் என்று இரண்டு தரம் உண்டு. எந்தத் தரமானாலும் உரிமையாளர் குடும்பத்தோடு அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும், “அதெல்லாம் சும்மா சார், வாட்ச்மேன் இருக்கிறாரே” என்கிறார்கள். வாட்ச்மேன் உரிமையாளர் இல்லை ஐயா.

கடல் கடந்த நியூயார்க்கிலும் இதே கேள்விதான். 2023 செப்டம்பரிலிருந்து அங்கே முப்பது நாளுக்குக் குறைவாக வீட்டை வாடகைக்கு விடுபவர் நகராட்சியில் பதிவு செய்ய வேண்டும், விருந்தினர் தங்கும்போது தானும் அங்கே இருக்க வேண்டும், இரண்டு பேருக்கு மேல் தங்க வைக்கக் கூடாது. அதோடு ஒப்பிட்டால் நம் ஊர் விதிகள் தாராளம்.

வேலையில் இருந்தபோது எது வீடு, எது விடுதி என்று கண்டுபிடிக்க அளவுநாடாவைவிட எங்களுக்கு உதவியது கொடிக்கயிறு. வீட்டுக் கொடியில் பள்ளிச் சீருடை, பழைய ஸ்வெட்டர், பூப்போட்ட போர்வை, கிழிந்த பனியன் எல்லாம் கலந்து காயும். விடுதிக் கொடியில் ஒரே அளவு வெள்ளைத் துண்டுகள், ஒரே அளவு வெள்ளை விரிப்புகள், வரிசையாகத் தலையணை உறைகள். மலையில் துணி லேசில் காயாது. மூன்று நாள் தொங்கும். அதனால் தப்பிக்க வழியில்லை. ஒருமுறை ஒரு பங்களாவுக்குப் போனேன். சொத்து வரிக் கணக்கில் அது குடியிருப்பு. கொடியில் இருபது துண்டுக்குக் குறையாது. வாசலில் நின்ற கார்களின் எண் பலகைகள் கர்நாடகம், கேரளம், குஜராத். உரிமையாளர் பதறவே இல்லை. “எல்லாம் நம் சொந்தக்காரர்கள் சார், விசேஷத்துக்கு வந்திருக்கிறார்கள்” என்றார். குஜராத்திலிருந்து வந்தவர் எந்த வழிச் சொந்தம் என்று கேட்டேன். “சம்பந்தி வழி” என்றார். அந்த நேரம் பார்த்து அந்தக் குஜராத்திக்காரர் வெளியே வந்து, வெந்நீர் வரவில்லை, பணத்தைத் திருப்பிக் கொடு என்று இந்தியில் சத்தம் போட ஆரம்பித்தார். சம்பந்தி வீட்டில் வெந்நீர் வராததற்குப் பணத்தைத் திருப்பிக் கேட்கும் வழக்கத்தை நான் அன்றுதான் பார்த்தேன். அந்த மாதமே அந்தக் கட்டடத்தின் உபயோகம் வணிகம் என்று மாறியது. நம் ஊர்களில் சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. பரப்பளவு, தெரு இருக்கும் மண்டலம், கட்டடத்தின் உபயோகம் ஆகியவற்றை வைத்துக் கணக்கிடுவார்கள். வணிகத்துக்கு வீதம் அதிகம். நீங்களே எழுதிக் கொடுத்தால் அன்றிலிருந்து வரி கூடும். ஆய்வாளர் கண்டுபிடித்தால் பழைய பாக்கியைப் பற்றிய பேச்சும் சேர்ந்து வரும். அந்தப் பேச்சு இனிமையாக இருக்காது என்பதை எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பேசியவன் சொல்கிறேன்.

சொத்து வரியைவிட வலி தருவது மின்சாரம். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம். வணிக இணைப்புக்கு அது இல்லை, யூனிட் விலையும் அதிகம். மாடியில் மூன்று கீசர், இரண்டு ரூம் ஹீட்டர் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் வீட்டு இணைப்பிலேயே ஓட்டிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது. எந்த உபயோகத்துக்கு இணைப்பு வாங்கினீர்களோ அதை விட்டு வேறொன்றுக்குப் பயன்படுத்தினால், அந்த வேறு உபயோகத்துக்கு உரிய கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு போடுவார்கள். எப்போதிலிருந்து என்று நிரூபிக்க முடியாவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்கு. மேல்முறையீடு போகலாம், ஆனால் போட்ட தொகையில் பாதியை முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும். ஒரு சீசனில் சம்பாதித்தது அப்படியே அந்தப் பாதிக்குப் போகும். அறைகளுக்குப் படம் எடுப்பதற்கு முன்பே உங்கள் மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போங்கள். விருந்தினர் பகுதிக்குத் தனி இணைப்பு கிடைக்குமா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். “உதவிப் பொறியாளர் வாயால் சொன்னார்” என்பது எந்த மேல்முறையீட்டிலும் நிற்காது.

அடுத்தது கட்டடம். சமவெளியில் இருப்பவர்களுக்கு இது புரியாது. மலையில் ஒரு சுவரை ஓரடி தள்ளிக் கட்டினாலும் கேள்வி வரும். நீலகிரியில் 1993-லிருந்து மலைப் பகுதிக்கென்று தனிக் கட்டட விதிகள் இருக்கின்றன. உயரத்துக்குக் கட்டுப்பாடு, சரிவில் மண் வெட்டக் கட்டுப்பாடு, காட்டை ஒட்டிய நிலத்துக்குத் தனி அனுமதி என்று போகும். வீட்டுக்கு வாங்கிய அனுமதியை வைத்துக்கொண்டு விடுதி நடத்த முடியாது. இதைச் சொன்னால், “யார் சார் பார்க்கிறார்கள்?” என்பார்கள். மசினகுடிப் பக்கம் போய்க் கேளுங்கள். 2010-இல் தமிழக அரசு அறிவித்த சீகூர் யானை வழித்தடத்தை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த வழித்தடத்தில் இருந்த ரிசார்ட்டுகள் மூடப்பட்டன. மறு ஜனவரியிலேயே, அதே மசினகுடியில், குடியிருப்புப் பக்கம் வந்த ஆண் யானை ஒன்றின் தலைமேல் எரிகிற துணியை வீசினார்கள். தீ காதைப் பற்றிக்கொண்டு அது ஓடும் வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். யானை இறந்துபோனது. துணி வீசப்பட்ட இடம் அனுமதியில்லாத விடுதி என்று அதிகாரிகள் சீல் வைத்தார்கள். அனுமதி என்பது ஏதோ ரப்பர் ஸ்டாம்ப் விவகாரம் என்று நினைப்பவர்களிடம் இந்த யானையைப் பற்றித்தான் சொல்வேன். யார் தங்குகிறார்கள், இரவில் யார் பொறுப்பு, வேலியின் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அந்தக் காகிதத்துக்காக யாராவது ஒருவர் முன்கூட்டிக் கேட்டிருப்பார். திரும்பவும் என் கேள்விக்கே வந்துவிட்டேன், பாருங்கள். அந்த இரவில் வீட்டுக்காரர் எங்கே படுத்திருந்தார்?

விருந்தினர்களைப் பற்றி ஒன்று. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்பது சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவு. 2025 சீசனில் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது. நீலகிரிக்கு வார நாளில் ஆறாயிரம் வண்டி, வார இறுதியில் எட்டாயிரம். கொடைக்கானலுக்கு நாலாயிரம், ஆறாயிரம். முன்பதிவை உறுதி செய்யும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். கல்லாறு சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு உங்களுக்கு போன் போட்டால் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

வெளிநாட்டு விருந்தினர் வந்தால் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அவருடைய பாஸ்போர்ட், விசா விவரங்களை இணையவழியில் தெரிவிக்க வேண்டும். சி படிவம் என்ற பழைய பெயரிலேயே இன்றும் எல்லோரும் சொல்கிறார்கள். 1946-ஆம் ஆண்டுச் சட்டம் போய் 2025 செப்டம்பர் முதல் புதிய குடியேற்ற, வெளிநாட்டினர் சட்டம் வந்துவிட்டது. ஆனால் இந்தக் கடமை போகவில்லை. இதில் நம் மக்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. எனக்குத் தெரிந்த ஓர் அம்மா, ஓய்வு பெற்ற ஆசிரியை, ஒரே ஓர் அறையை விடுகிறார். கனடாவிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்கள், கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டு வந்தார்கள், அம்மாவோடு உட்கார்ந்து இடியாப்பம் பிழிந்தார்கள். “என்னைவிட நல்ல தமிழ் பேசுகிறார்கள், இவர்கள் எப்படி வெளிநாட்டார்?” என்று அம்மா எதையும் பதியவில்லை. மூன்றாம் நாள் காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்தார். நல்ல மனிதர், காப்பி குடித்துவிட்டு, உட்கார வைத்துப் பதியச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாக் காவலரும் காப்பியோடு போவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். மலேசிய மாமாவாக இருந்தாலும் கொழும்பு அத்தையாக இருந்தாலும், கையில் இருப்பது எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்பது மட்டும்தான் கணக்கு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வானொலி நிலையத்துத் தம்பி விரல்களைக் காட்டுகிறார். கொடிக்கயிற்றிலேயே நேரத்தைக் கரைத்துவிட்டேன் போலிருக்கிறது. ஜிஎஸ்டியைச் சொல்லாமல் போனால் நீங்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள்.

குடியிருக்க வீட்டை வாடகைக்கு விட்டால் ஜிஎஸ்டி இல்லை என்று கேள்விப்பட்டு, அதையே இதற்கும் பிடித்துக்கொள்கிறார்கள். இரவுக் கணக்கில் அறை விடுவது வேறு. முன்பு ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த அறைக்கு விலக்கு இருந்தது. 2022 ஜூலையில் அது போய்விட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஐந்து சதவீதம், அதற்கு மேல் பதினெட்டு. இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் அறைக்கு 125 ரூபாய் வரி. முன்பு பன்னிரண்டு சதவீதத்தில் 300 ரூபாய். உங்கள் மொத்த விற்றுமுதல் ஆண்டுக்கு இருபது லட்சத்துக்குள் என்றால் நீங்கள் பதிவு செய்ய வேண்டியதில்லை. இணையதளம் வழியாக வரும் முன்பதிவுக்கு அந்த நிறுவனமே வரியை வசூலித்துக் கட்டிவிடும்.

இப்போது பொறி எங்கே என்று கேளுங்கள். பஜாரில் ஒரு கடை வைத்திருக்கிறீர்கள். ஆண்டுக்கு முப்பது லட்சம் விற்பனை. பொருள் மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் வரம்பு நாற்பது லட்சம் என்பதால் இதுவரை பதிவு தேவைப்படவில்லை. அதே பான் எண்ணில் மாடி அறையை விருந்தினருக்கு விட்டீர்களானால், நீங்கள் பொருள் மட்டும் விற்பவர் இல்லை. நாற்பது லட்சம் வரம்பு போய் இருபது லட்சம் வந்துவிடும், முப்பது லட்சமும் கணக்கில் சேரும். அறையிலிருந்து வந்தது அறுபதாயிரம் ரூபாயாக இருக்கலாம். அதற்காகக் கடைக்கும் சேர்த்துப் பதிவு எடுக்க வேண்டிவரும். பதிவு எடுக்கும் கட்டாயம் வந்த பிறகு இணையதளம் உங்களுக்காக வரி கட்டாது, நீங்களே கட்ட வேண்டும். கடைக்காரர்கள் அறைக்கு விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே ஆடிட்டரிடம் போய்விடுவது நல்லது.

இன்னும் ஒரு நிமிடம்தான் என்கிறார் தம்பி. காலை உணவு கொடுப்பவர்கள் உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுங்கள். சிறு அளவில் செய்பவர்களுக்கு ஆண்டுக்கு நூறு ரூபாய்தான். அடுக்குமாடியில் இருப்பவர்கள் சங்கத்தின் விதியைப் படித்துவிட்டு இறங்குங்கள். வருமான வரியைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், முடியவில்லை; இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். இணையதளம் உங்களுக்குப் பணம் அனுப்பும்போது 0.1 சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரிக்கான முன்பிடித்தம், பிடிக்கும். அந்தத் தளம் வழியாக ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை வாங்கும் தனிநபருக்கு அதுவும் இல்லை, பான் எண்ணைக் கொடுத்திருந்தால். கொடுக்காவிட்டால் ஐந்து சதவீதம். வீட்டுக்குப் போனதும் உங்கள் கணக்கைத் திறந்து பான் எண் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். வணக்கம்.