தென்னைக்குப் பதில் பனை

நேயர்களுக்கு வணக்கம். நான் சித்தூர்க்காரன். உடனே ஆந்திராவா என்று கேட்பார்கள். இல்லை, பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர். எங்கள் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கமெல்லாம் வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம். அங்கே ஒரு கல்லூரியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன்.

நான் ஓய்வு பெறும் வருடம் ஒரு மாணவன் புராஜெக்ட் கொண்டு வந்து வைத்தான். கள் இறக்கும் தொழிலில் வழங்கும் சொற்கள் என்று தலைப்பு. கெட்டி அட்டை, தங்க எழுத்து. புரட்டினால் பதநீர் வருகிறது, சுண்ணாம்பு தடவிய கலயம் வருகிறது, கருப்பட்டி காய்ச்சுகிறார்கள். எல்லாம் தெற்கத்திப் பனங்காட்டுச் சங்கதி. பாலக்காட்டிலும் பனை உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இவன் அப்பா ஏறுவது தென்னை.

"தம்பி, அப்பா ஒரு நாளைக்கு எத்தனை தடவை மரம் ஏறுவார்?"

"மூணு தடவைங்க சார். காலையில, மத்தியானம், சாயங்காலம்."

"இதில் அது எங்கே இருக்கிறது?"

பேச்சில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னான்: கோயம்புத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடை, நாலாயிரம் ரூபாய், பைண்டிங் சேர்த்து. கேட்கக் கேட்க எனக்குக் கோபத்தைவிட வயிற்றெரிச்சல்தான் அதிகம். விஷயம் தெரிந்த வீட்டுப் பிள்ளை, தெரியாதவனிடம் காசு கொடுத்து வாங்கியிருக்கிறான்.

அந்தக் கடைக்காரர் சோம்பேறி, அதனால் பிடிபட்டது. கெட்டிக்காரர் யாராவது தென்னையைப் பற்றியே புதிதாக எழுதிக் கொடுத்திருந்தால்? 2018-இல் பல்கலைக்கழக மானியக் குழு விதி கொண்டு வந்தது. அடுத்தவர் எழுத்தோடு ஒத்துப்போவது 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. அதைத் தாண்டினால் திருத்தித் தர வேண்டும், 40-ஐத் தாண்டினால் திருத்தித் தரவே ஒரு வருடத் தடை, 60-ஐத் தாண்டினால் ஆய்வு மாணவரின் பதிவே ரத்து. நல்ல விதிதான். ஆனால் கூலிக்குப் புதிதாக எழுதிய ஏட்டை, இந்த ஒற்றுமையைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் போட்டால் சுத்தமாக வந்துவிடும். அது எங்கிருந்தும் திருடியது இல்லையே, சொல்லி வைத்துத் தைத்த சட்டை அல்லவா?

இந்த வியாபாரம் நம் ஊருக்கு மட்டும் உரியதில்லை. கணினி மாணவர்கள் தங்கள் அசைன்மென்டை இணையத்தில் ஏலம் விடுவதைக் கவனித்து, 2006-இல் ராபர்ட் கிளார்க், தாமஸ் லான்காஸ்டர் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆசிரியர்கள் இதற்கு 'ஒப்பந்த மோசடி' என்று பெயர் வைத்தார்கள். ஆஸ்திரேலியா 2020-இல் சட்டம் போட்டது, இங்கிலாந்து 2022-இல். ஆஸ்திரேலியாவில் எழுதி விற்பவருக்கு இரண்டு வருடம் வரை சிறை. வாங்கும் மாணவன் மேல் அந்தச் சட்டம் பாயாது, அவனைக் கல்லூரி பார்த்துக்கொள்ளும். நம் நாட்டில் 2024-இல் வந்த தேர்வு முறைகேட்டுச் சட்டம் பொதுத் தேர்வுகளுக்கானது. ஜெராக்ஸ் கடை அதில் வராது.

சரி, எழுதிக் கொடுப்பவர் யார்? பெரும்பாலும் நம்மிடம் படித்து, எம்.ஏ., எம்.ஃபில். முடித்து, வேலை கிடைக்காமல் இருக்கிற பிள்ளைதான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வருடா வருடம் அதே தலைப்பைக் கொடுத்து, வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் ஆளுக்கு மூன்று நிமிடம் ஒதுக்கி, எடை பார்த்து மார்க் போட்ட நாங்கள் இல்லாமல் அந்தக் கடைக்கு ஏது பிழைப்பு? உட்கார வைத்து நாலு கேள்வி கேட்டால் பொட்டலம் பிரிந்துவிடும். அதற்கு முதலில் வாத்தியார் அந்த ஏட்டைப் படித்திருக்க வேண்டும்.

அவனுக்கு மூன்று வாரம் அவகாசம் கொடுத்தேன். அப்பாவோடு தோப்புக்குப் போய்க் கேட்டுக் கேட்டு எழுதி வந்தான். இருபத்திரண்டு பக்கம், கையெழுத்து, ஒற்றுப்பிழை ஏராளம். பாளையைத் தட்டுகிற எலும்பைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம். வைவாவில் வெளியூர்த் தேர்வாளர் அதைக் கேட்க, மேசை மேல் பேனாவால் தட்டியே காட்டினான். அதைத் துறை அலமாரியில் வைத்தோம். பக்கத்தில் வரிசையாகத் தங்க எழுத்து ஏடுகள். பலவற்றில் என் கையெழுத்துதான் இருக்கிறது.

நன்றி, வணக்கம்.