ஒரு சீட்டுக்கு ஏழு வேலி

வணக்கம். டாக்டர் படிப்புச் செலவைப் பற்றி என்னை இங்கே பேசக் கூப்பிட்டதற்கு ஒரே காரணம், நான் முப்பத்து நாலு வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவன் என்பதுதான். அதில் பாதிக்கு மேல் திருவாரூர், வலங்கைமான், பாபநாசம் பக்கத்துக் கிளைகள். பயிர்க்கடன், நகைக்கடன், டிராக்டர் கடன், அப்புறம் கல்விக்கடன். ஓய்வு பெற்றுக் கும்பகோணத்தில் உட்கார்ந்த பிறகும் விடவில்லை. மேட்டூர் திறந்தால் ஆற்றில் தண்ணீர் வருகிற மாதிரி, நீட் ரிசல்ட் வந்தால் என் திண்ணைக்கு ஆட்கள் வருவார்கள். கையில் ஒரு கவர் இருக்கும். கூட ஒரு பிள்ளை இருக்கும்.

போன வருஷம் ஆவணியில் ஒருவர் வந்தார். நீடாமங்கலம் பக்கம், சொந்தமாக ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், குத்தகைக்கு ஒன்றரை வேலி, அதாவது பத்து ஏக்கர். மகளையும் கூட்டி வந்திருந்தார். அந்தப் பிள்ளை பிளாஸ்டிக் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தூணோரம் நின்றது, உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் வந்திருக்கிறது, நாலு நாளில் பணம் கட்டிச் சேர வேண்டும். "எவ்வளவு சார் லோன் கிடைக்கும்?" என்றார். எவ்வளவு கிடைக்கும் என்று ஆயிரம் பேர் கேட்டிருப்பார்கள். எவ்வளவு தாங்கும் என்று இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

டாக்டருக்குப் படிக்க எவ்வளவு ஆகும் என்றால், எந்த வாசல் வழியாக நுழைகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. படிப்பு ஒன்றுதான், நாலரை வருஷம், அதன் மேல் ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன் வேலை, எல்லாருக்கும் அதே எம்.பி.பி.எஸ். அரசுக் கல்லூரியில் வருஷத்துக்குக் கட்டுவது 20,000 ரூபாயைச் சுற்றித்தான் இருக்கும். விடுதி, மெஸ், புத்தகம், சீனியரிடம் பாதி விலைக்கு வாங்குகிற எலும்பு செட், ஸ்டெதஸ்கோப் எல்லாம் சேர்த்தாலும் ஒரு சிறு விவசாயி கடன் வாங்கியாவது சமாளித்துவிடுவார். 1959-ல் தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரி வந்தபோது டெல்டாவுக்கே அது ஒன்றுதான், அப்புறம் திருவாரூரில் வர 2010 ஆயிற்று, நாகப்பட்டினத்தில் 2022. வாசல் கூடியிருக்கிறது, சரி. வாசலில் நிற்கிற கூட்டமும் கூடியிருக்கிறது.

அடுத்தது, தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீடு. வருஷத்துக்கு 4 லட்சத்துக்கு மேல். அதே வகுப்பில் பக்கத்து பெஞ்சில் நிர்வாக ஒதுக்கீட்டில் உட்காருகிறவருக்கு 13 லட்சத்துக்கு மேல். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் 20 லட்சத்தைத் தாண்டும் இடங்கள் நிறைய. இது ரசீது போட்டு வாங்குகிற பணம். ரசீது இல்லாமல் கேட்கிறவர்களும் உண்டு, நன்கொடை வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது என்றாலும். அதைப் பற்றி ஒன்றே ஒன்று: ரசீது இல்லாத பணத்துக்கு எந்த வங்கியும் கடன் கொடுக்காது. அப்படியானால் அந்தப் பணம் கந்துவட்டியிலிருந்து வரும், இல்லையென்றால் நகையிலிருந்து வரும்.

லட்சக் கணக்கில் சொன்னால் நம் ஆட்களுக்கு உறைக்காது என்று நான் நெல்லில் போட்டுக் காட்டுவேன். ஒரு ஏக்கர் சம்பா, மழை கெடுக்காத வருஷம், 24 குவிண்டால் காண்கிறது என்று வைப்போம். கொள்முதல் நிலையத்தில் குவிண்டாலுக்கு 2,500. அறுபதாயிரம் ரூபாய். உழவு, நடவு, உரம், மருந்து, அறுப்பு மெஷின் வாடகை, ஏற்றுகூலி, அங்கே இங்கே கொடுப்பது எல்லாம் கழித்தால் 30,000 நின்றால் பெரிய விஷயம், அது உங்களுக்கே தெரியும். 13.5 லட்சத்தை முப்பதாயிரத்தால் வகுங்கள். 45 ஏக்கர். நம்ம கணக்கில் 135 மா, கிட்டத்தட்ட ஏழு வேலி. ஏழு வேலி சம்பா லாபத்தை ஒரு பைசா தொடாமல் அப்படியே கொண்டுபோய்க் கட்டினால் ஒரு வருஷத்து ஃபீஸ். ஐந்து பேர் உள்ள குடும்பம் 15 ஸ்டாண்டர்டு ஏக்கருக்கு மேல் நிலம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று உச்சவரம்புச் சட்டம் சொல்கிறது. ஆக, சட்டப்படி நீங்கள் எவ்வளவு பெரிய மிராசுதாரராக இருந்தாலும் இந்த ஃபீஸைக் கட்ட முடியாது! இதைச் சொன்னதும் நீடாமங்கலத்துக்காரர் சிரித்தார். பிள்ளை சிரிக்கவில்லை.

7.5 சதவீத ஒதுக்கீட்டை இங்கே சொல்லியாக வேண்டும். 2020-ல் வந்த சட்டம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேறியவர்களுக்குத் தனி இடம், தனியார் கல்லூரியில் கிடைத்தாலும் ஃபீஸை அரசே கட்டுகிறது. மேலே சொன்ன ஏழு வேலிக் கணக்கை ஒரே கோட்டில் அடித்துவிடுகிற விஷயம் இது. ஆனால் பாருங்கள், நம் பக்கத்தில் பெரிய பெரிய பழைய பள்ளிகளெல்லாம் அரசு உதவி பெறும் பள்ளிகள். சம்பளம் அரசு கொடுக்கிறது, புத்தகம் அரசு கொடுக்கிறது, ஆனாலும் அது அரசுப் பள்ளி இல்லை, இந்த ஒதுக்கீட்டில் வராது. "நல்ல ஸ்கூல்" என்று ஒன்பதாம் வகுப்பில் உள்ளூர் அரசுப் பள்ளியிலிருந்து எடுத்து டவுனில் உதவி பெறும் பள்ளியில் சேர்த்த அப்பாக்களை எனக்குத் தெரியும். அந்த டி.சி.யின் விலை அவர்களுக்கு நாலு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. நீடாமங்கலத்துக்காரரும் அதில் ஒருவர்.

இப்போது கடன். கல்விக்கடனில் 4 லட்சம் வரை ஜாமீன் கேட்பதில்லை, 7.5 லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்து ஈடு வேண்டும். சொத்துதான் இருக்கிறதே என்பீர்கள். வயலை ஈடாக வைத்துக்கொண்டு கல்விக்கடன் கொடுக்க வங்கிகள் தயங்கும், ஏனென்றால் கடன் வராவிட்டால் சொத்தை ஏலம் போடுகிற சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது. சரி, வீட்டை வைக்கலாம். டெல்டாவில் வீட்டின் கதை உங்களுக்குத் தெரியும். மேலே இருக்கிற கட்டடம் நம்முடையது, அடிமனை கோயிலுடையது, இல்லையென்றால் மடத்துடையது. தாத்தா காலத்திலிருந்து பகுதி, அதாவது மனை வாடகை, கட்டிவருகிறோம், மாடிகூட எடுத்திருக்கிறோம், ஆனால் பட்டா சாமி பெயரில். சாமியை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்ல முடியுமா? தப்பித்தவறி சொந்த மனையாக இருந்தால் அது கூட்டுப் பட்டா. சிங்கப்பூரில் இருக்கிற சித்தப்பா கையெழுத்து வேண்டும், அவரோடு பதினைந்து வருஷமாகப் பேச்சு இல்லை. நாலு நாளில் பணம் கட்ட வேண்டியவருக்கு இதையெல்லாம் சரிசெய்ய நாலு மாதம் வேண்டும். அதனால் சொல்கிறேன், வில்லங்கச் சான்றும் பட்டாவும் பார்க்கிற வேலையை, பிள்ளை பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிற மாசி பங்குனியிலேயே முடித்துவிடுங்கள், சீட்டு வந்த பிறகு ஓடாதீர்கள்.

ஆனால் ரூபாயை எண்ணத் தெரிந்த நாம் வருஷத்தை எண்ணுவதில்லை. இதைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்தேன்.

4 லட்ச ரூபாய் ஃபீஸ் உள்ள சீட்டையே எடுத்துக்கொள்வோம், அதாவது நம்மால் முடியும் என்று எல்லாரும் நினைக்கிற சீட்டு. வருஷத்துக்கு 4 லட்சம் வீதம் ஐந்து தவணை, 20 லட்சம் கடன். வட்டி, கணக்குக்காகப் பத்து சதவீதம். படிப்பு ஐந்தரை வருஷம், அதற்கு மேல் ஒரு வருஷம் வரை வங்கி தவணை கேட்காது. கேட்காதே தவிர வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஆறரை வருஷத்தில் சாதாரண வட்டி மட்டும் 9 லட்சம் ஏறியிருக்கும். தவணை தொடங்கும்போது கடன் 29 லட்சம். பதினைந்து வருஷத்தில் அடைப்பதாக இருந்தால் மாதம் 31,000 ரூபாய். வருமானம் 4.5 லட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்குப் படிக்கிற காலத்து வட்டியை மத்திய அரசு மானியமாகத் தருகிறது, ஆனால் அது 10 லட்சம் கடன் வரைக்கும்தான், கல்லூரிக்கும் நிபந்தனை உண்டு.

தவணை எப்போது தொடங்குகிறது என்று பாருங்கள். பதினெட்டில் சேர்ந்த பிள்ளைக்கு இருபத்து மூன்றரையில் படிப்பு முடிகிறது. எம்.பி.பி.எஸ். மட்டும் போதும் என்று இப்போது யாரும் நினைப்பதில்லை, முதுநிலை நீட் எழுத வேண்டும், அதற்கு ஒரு வருஷம் அறைக்குள் உட்கார்ந்து படிக்க வேண்டும், முதல் தடவை கிடைக்காவிட்டால் இன்னொரு வருஷம். சரியாக அந்த நேரத்தில்தான் வங்கியிலிருந்து கடிதம் வரும். நானே அனுப்பியிருக்கிறேன் அப்படிக் கடிதங்கள். ஒரு பையன், நல்ல பையன், படிப்பை ஓரமாக வைத்துவிட்டு ஒரு தனியார் மருத்துவமனையில் நைட் டியூட்டி டாக்டராகப் போனான், சம்பளத்தில் பெரும்பகுதி தவணைக்கு, பகலில் தூக்கம், அப்புறம் எங்கே படிப்பது? மூன்று வருஷம் அப்படியே போனது. ஊரில் எல்லாரும் "டாக்டரு" என்று கூப்பிடுவார்கள், அப்பா கூட்டுறவு சொசைட்டியில் பயிர்க்கடனைப் புதுப்பித்துக்கொண்டிருப்பார். இத்தனைக்கும் அவன் ஒரு தவணைகூடத் தவறவில்லை. வங்கிக் கணக்கில் அது நல்ல கடன்.

வெளிநாட்டுப் படிப்பையும் கேட்பார்கள். ஃபீஸ் குறைவு என்பது உண்மைதான், சில நாடுகளில் மொத்தப் படிப்புமே இங்கே நிர்வாக ஒதுக்கீட்டில் இரண்டு மூன்று வருஷத்துக்குக் கட்டுகிற பணத்தில் முடிந்துவிடும். ஆனால் இங்கே டாக்டராக வேலை பார்க்கத் திரும்பி வந்து எஃப்.எம்.ஜி.இ. என்கிற தகுதித் தேர்வு எழுத வேண்டும், 300 கேள்விகளுக்கு 150 எடுக்க வேண்டும், பல தேர்வுகளில் நாலில் ஒருவர்கூடத் தேறவில்லை. தேறினாலும் அங்கே ஒரு வருஷம் பயிற்சி, இங்கே மறுபடி ஒரு வருஷம். 2022-ல் உக்ரைனிலிருந்து பாதிப் படிப்போடு திரும்பிய பிள்ளைகளை நாம் பார்த்தோம். ஏஜென்ட் கொடுக்கிற நோட்டீஸில் விமான டிக்கெட் வரை எழுதியிருக்கும், இந்த வருஷங்கள் எதுவும் எழுதியிருக்காது.

அப்புறம், வீட்டில் மற்றவர்கள். மூத்தவனுக்கு சீட்டு வாங்கிய வீட்டில் இளையவள் எந்தக் கல்லூரிக்குப் போகிறாள் என்று பார்த்தாலே போதும், அந்த சீட்டின் விலை தெரிந்துவிடும். கிட்டே இருக்கிற கல்லூரி, எது ஃபீஸ் குறைவோ அந்தப் பாடம். யாரும் அவளிடம் கேட்டிருக்க மாட்டார்கள். அம்மாவின் தாலிக்கொடி தவிர மற்ற நகையெல்லாம் அடகாக வங்கி லாக்கரில் இருக்கும். நான் தான் சாவி வைத்திருந்தேன்.

சரி, அந்த நீடாமங்கலத்துக்காரர். இந்தக் கணக்கையெல்லாம் ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினேன். ஏழு வேலி, வட்டி, தவணை, வருஷம். ஒரு மணி நேரம் ஆனது. அவர் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், "தப்பிச்சோம் சார்" என்றார், சீட்டை விட்டுவிட்டார்கள். பிள்ளையைத் தஞ்சாவூரில் பி.எஸ்சி. சேர்த்தார்கள். இன்னொரு தடவை நீட் எழுதட்டும், கோச்சிங் ஃபீஸ் பரவாயில்லை, அரசு சீட்டுக்கு ஒரு வருஷம் செலவழிப்பதில் தப்பில்லை என்று நான் சொன்னதாக ஞாபகம். அந்த ஒரு வருஷம் வீட்டில் உட்கார அவளுக்கு மனசு இருந்ததா என்று நான் கேட்கவில்லை, அவள் அப்பாவும் கேட்டிருக்க மாட்டார். தூணோரம் நின்ற பிள்ளைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்ததோடு சரி.

இப்போதும் அவரைக் கடைத்தெருவில் பார்த்தால் நின்று பேசுவார், பழம் வாங்கிக் கையில் கொடுப்பார். போன மாதம் பழைய பஸ் ஸ்டாண்டில் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். என்னை அடையாளம் தெரிந்தது அதற்கு. முகத்தைத் திருப்பிக்கொண்டு தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறிவிட்டது.