முப்பது வரியில் ஒரு ப்ராக்ஸி: திறப்பது எளிது, மூடுவதில்தான் வேலை

[திரையில்: ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை. மேசையில் ஒரு கணினி.]

வணக்கம். இந்தப் பட்டறையின் ஆர்டர் மென்பொருள் வெளியூரில் உள்ள ஒரு சர்வருக்கு எதையோ அனுப்புகிறது, எதையோ பெறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் என்ன பேசிக்கொள்கின்றன? தெரிந்துகொள்ள, ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் கடத்தும் இடைநிலை நிரலை, அதாவது ஒரு ப்ராக்ஸியை, நாமே எழுதி நடுவில் உட்காரவைக்கலாம். பைத்தானில் முப்பது வரி போதும். இணைப்புக்கான சாக்கெட், ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓட்டும் த்ரெடிங் ஆகிய இரண்டு மாட்யூல்களும் (ஆயத்த நிரல் தொகுப்புகளும்) பைத்தானுடனேயே வருகின்றன.

[திரையில்: பழைய கணக்குப் பேரேடு.]

செட்டிநாட்டாருக்கு ப்ராக்ஸி புதிதல்ல. முதலாளி ஊரில் இருப்பார். ரங்கூன் கடையை ஏஜெண்ட் நடத்துவார். அங்கே கடன் வாங்கியவர் கண்டது ஏஜெண்டைத்தான். இங்கேயும் சர்வருக்குத் தெரிவது ப்ராக்ஸியின் முகவரி மட்டுமே. ஆகவே இணைப்பு ஒன்றல்ல, இரண்டு: மென்பொருளுக்கும் ப்ராக்ஸிக்கும் இடையே ஒன்று, ப்ராக்ஸிக்கும் சர்வருக்கும் இடையே மற்றொன்று.

[திரையில்: நிரலின் முதல் பகுதி.]

ஒரு சாக்கெட்டை (இணைப்பின் முனையை) உருவாக்கி, இதே கணினியைக் குறிக்கும் 127.0.0.1 முகவரியில் 9000 என்ற போர்ட்டுடன் (வாசல் எண்ணுடன்) பிணைத்து, காத்திருக்கச் சொல்கிறோம். சில மாதிரி நிரல்களில் இந்த இடத்தில் 0.0.0.0 என்று இருக்கும்; கணினியின் எல்லா முகவரிகளிலும் காத்திரு என்று அதற்குப் பொருள். அப்படியே நகலெடுத்துவிடாதீர்கள், அந்தக் கணினியை எட்ட முடிகிற எவரும் உங்கள் ப்ராக்ஸிக்குள் நுழைந்துவிடலாம். பிணைப்பதற்கு முன் 'ரீயூஸ் அட்ரஸ்' விருப்பத்தையும் போடுங்கள். இல்லாவிட்டால் நிரலை நிறுத்தி உடனே ஓட்டும்போது, போர்ட் இன்னும் பயன்பாட்டில் இருப்பதாகப் பிழை வரலாம்.

யாராவது இணைந்ததும் சர்வருக்கு இரண்டாவது இணைப்பைத் திறந்து, திசைக்கு ஒன்றாக இரண்டு த்ரெட்களைக் கிளப்புகிறோம்.

[திரையில்: ஐந்து வரிச் சுழல். மெதுவாகக் காட்டவும்.]

ப்ராக்ஸியின் உயிர் இந்தச் சுழலில்தான் இருக்கிறது. ஒரு பக்கத்திலிருந்து 4096 பைட் வரை படி, திரையில் அச்சிடு, மறுபக்கத்துக்கு அனுப்பு. 4096 என்பது உச்சவரம்புதான். பத்து பைட்டும் வரலாம். இந்த இணைப்புகளை நடத்தும் டிசிபி நெறிமுறை தருவது பைட்டுகளின் ஓட்டம், அதில் செய்திகளுக்கு இடையே எல்லைக்கோடு கிடையாது. நீங்கள் தேடும் சொல் பாதி இந்த வாசிப்பிலும் மீதி அடுத்த வாசிப்பிலுமாக வரக்கூடும். அனுப்பும்போதும் 'சென்ட்' கொடுத்ததில் ஒரு பகுதியை மட்டும் அனுப்பிவிட்டுத் திரும்பலாம். 'சென்ட்ஆல்' முழுவதையும் அனுப்பிய பிறகே திரும்பும்.

வாசிப்பு வெறுமையாக வந்தால், எதிர்ப்பக்கம் தன் பேச்சை முடித்துவிட்டது என்று பொருள். உடனே இரண்டு சாக்கெட்களையும் மூடிவிடத்தான் கை போகும். வேண்டாம்! மென்பொருள் கேள்வியை முடித்திருக்கிறது, அவ்வளவுதான். சர்வரின் பதில் இன்னும் வழியிலேயே இருக்கலாம். இப்போது மூடினால் பதில் பாதியில் அறுந்துபோகும், பழி சர்வர் மேல் விழும். மறுபக்கச் சாக்கெட்டில் 'ஷட்டவுன்' அழைத்து எழுதும் திசையை மட்டும் அடைத்துவிடுங்கள். இரண்டு த்ரெட்களும் முடிந்த பிறகே இரண்டையும் மூட வேண்டும். முப்பது வரியில் கவனம் கேட்பவை இந்த மூன்று வரிகள்தான்.

[திரையில்: மென்பொருளின் அமைப்புப் பக்கம்.]

சர்வர் முகவரி இருந்த இடத்தில் 127.0.0.1, போர்ட் 9000 என்று மாற்றிவிட்டு ஓர் ஆர்டர் போடுங்கள். போகிற வருகிற பைட்டுகள் திரையில் ஓடும்.

மறையாக்கம் (என்கிரிப்ஷன்) செய்த இணைப்பு என்றால் இது பலிக்காது. சர்வர் தன்னை அடையாளம் காட்டும் சான்றிதழில் உள்ள பெயர் 127.0.0.1 உடன் பொருந்தாததால், சரியாக எழுதப்பட்ட மென்பொருள் இணைய மறுத்துவிடும். ப்ராக்ஸி வழியே போகும்படி அமைத்த பிரவுசர்கள், இத்தகைய இணைப்புக்கு ப்ராக்ஸியிடம் முதலில் 'கனெக்ட்' என்று ஒரு வரி அனுப்பும். அதிலேயே சர்வரின் பெயரும் 443 என்ற போர்ட்டும் இருக்கும். அதைப் பிரித்துப் படித்து, அந்தச் சர்வருடன் இணைந்து, 'சரி' என்று பொருள்படும் 200 என்ற பதிலைச் சொல்லிவிட்டு இதே சுழலை ஓடவிடலாம். அப்போதும் திரையில் தெரிவது மறையாக்கிய பைட்டுகளே.

ஒரு பட்டறைக்கு த்ரெட் முறை தாராளம். ஆயிரக்கணக்கில் இணைப்புகள் வரும் இடத்துக்கு ஒரே த்ரெட்டில் பல இணைப்புகளைக் கவனிக்கும் ஏசிங்க்ஐஓ மாட்யூலில் எழுதுங்கள். ஷட்டவுன் விதி அங்கேயும் மாறாது.